கூரை மட்டும் ஒழுகாது

"கூரை மட்டும் ஒழுகாது" என்பார் விற்கிறவர். வண்டி அவருடைய களஞ்சியத்துக்குப் பின்னால் எத்தனையோ பனிக்காலமாக நின்றிருக்கும். தரைப் பலகையின் சந்து வழியே உள்ளே வந்த புல், சமையல் மேடையின் இழுப்பறை வரை எட்டிப் பார்க்கும். டயர் இரண்டும் மண்ணோடு சமாதானமாகிவிட்டிருக்கும். ஆனாலும் வாங்க வந்த அப்பாவின் காதில் விழுவது அந்த ஒரு வாக்கியம்தான். பிள்ளைகள் அதற்குள் வண்டிக்குள் ஏறியிருப்பார்கள். அம்மா காரை விட்டு இறங்கவே மாட்டார்.

இந்த அப்பாவுக்குப் பெயர் தேவையில்லை. ஒஹையோ, மிச்சிகன், ஆரிகன் என்று அமெரிக்காவில் எங்கே போனாலும் ஊருக்கு ஒருவராவது அகப்படுவார். 1950, 60களில் செய்த சின்ன டிராவல் டிரெய்லர் ஒன்றை மலிவாக வாங்கி, காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் அந்த வீட்டைக் "குடும்பமாகச் சேர்ந்து கோடை முடிவதற்குள் புதுப்பித்துவிடலாம்" என்று அறிவிப்பவர். எந்தக் கோடை என்று மட்டும் சொல்லமாட்டார்.

பழியை அவர் தலையில் மட்டும் போடுவதும் நியாயமில்லை. இந்தப் பித்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1919-இல் ஃபுளோரிடாவின் டாம்பாவில், காரும் கூடாரமும் தகர டப்பா உணவுமாகச் சுற்றியவர்கள் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்று ஒரு சங்கமே தொடங்கினார்கள். காரின் ரேடியேட்டர் மூடியில் பற்றவைத்த காலி டப்பாதான் உறுப்பினர் அடையாளம். அடுத்து வந்தவர் வாலி பையம். அவருடைய மனைவி, அடுப்படி இல்லாத இடத்துக்கு நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதாகக் கதை. பையம் அடுப்படிக்கே சக்கரம் வைத்தார். செய்த வண்டிகளை விற்றதோடு, வீட்டிலேயே கட்டிக்கொள்ள வரைபடமும் விற்றார். ஆக, வீட்டு முற்றத்தில் டிரெய்லரைப் போட்டுக்கொண்டு குடும்பத்தையே வேலை வாங்கும் வழக்கம் பழைய வண்டியோடு வந்ததல்ல, புது வண்டிக் காலத்திலேயே இருந்தது.

அந்த பையம்தான் ஏர்ஸ்ட்ரீம் கம்பெனியை நிறுவியவர். 1936-இல் அவர் விற்ற கிளிப்பர் வண்டியின் விலை 1,200 டாலர். அதன் ரிவெட் அடித்த அலுமினிய உடலுக்கு முன்னோடி, ஹாலி போலஸ் என்பவர் செய்த வண்டி. கிளைடர் விமானங்கள் கட்டியவர் அவர். லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானத்தின் கட்டுமானத்தையும் மேற்பார்த்தவர். 1969-இல் சந்திரனிலிருந்து திரும்பிய அப்போலோ 11 வீரர்கள் மூவரையும் கிருமி பயத்தில் அடைத்துவைத்ததும் மாற்றியமைத்த ஓர் ஏர்ஸ்ட்ரீமுக்குள்தான். கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்றுதான் அதிபர் நிக்சன் அவர்களோடு பேசினார். அப்பா இந்தத் தகவலை இரவுச் சாப்பாட்டின்போது எடுத்துவிடுவார்.

"அதுல தரை மக்கியிருந்ததா?" என்பார் அம்மா.

ஏர்ஸ்ட்ரீம் எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. நம் அப்பா வாங்கியது ஷாஸ்டா. 1941-இல் ராணுவத்தினர் தங்குவதற்காக வண்டி செய்யத் தொடங்கிய கம்பெனி அது. 1950களின் பிற்பகுதியிலிருந்து வண்டியின் பின்மூலைகளில் இரண்டு சின்ன அலுமினிய இறக்கைகளை வைத்தார்கள். பறக்கவும் உதவாது, நிழலுக்கும் ஆகாது. ஆனால் பிள்ளைகள் இந்த வண்டியைக் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டது அந்த இறக்கைகளுக்காகத்தான். 2015-இல் அதே பெயரில் பழைய ஏர்ஃப்ளைட் மாடலை மறுபடி கொண்டுவந்தபோது, தொடக்க ஆண்டின் நினைவாக 1,941 வண்டிகள் மட்டுமே என்று அறிவித்தார்கள். பழைய அழகு, புது மரம், புது டயர். அதில் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கியிருக்கலாமே என்று அம்மா கேட்டார். அப்பா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இந்த வகை வண்டிகளை ரசிகர்கள் 'கேன்டு ஹாம்' என்பார்கள். பன்றி இறைச்சி டப்பாவைப் பக்கவாட்டில் நிறுத்திவைத்தது போன்ற வடிவம். தொழிற்சாலையில் இதை உள்ளிருந்து வெளியே கட்டினார்கள் என்பதுதான் விஷயம். முதலில் தரை, அதன்மேல் பிர்ச் ப்ளைவுட் சுவர், அதில் ஒல்லி மரச்சட்டங்கள், சுவரின் வெளிப்பக்கமிருந்து ஸ்க்ரூ போட்டு இறுக்கிய அலமாரிகள், இடையில் கண்ணாடி நார்ப் பஞ்சு, எல்லாம் முடிந்தபிறகு மேலே மெல்லிய அலுமினியத் தகடு. ஆகவே உள்ளே ஒரு மூலையில் ப்ளைவுட் கறுத்திருந்தால், வெளியிலிருந்து தகட்டை உரிக்கவேண்டும். தகட்டை உரிக்க விளிம்புப் பட்டையைக் கழற்றவேண்டும். பட்டையில் நூற்றுக்கணக்கான ஸ்க்ரூக்கள். எல்லாம் துருப்பிடித்து, கல்லாகிவிட்ட பழைய பட்டிக்குள் புதைந்திருக்கும். மூத்த மகளுக்கு அந்த வேலை. ஸ்க்ரூவுக்கு இவ்வளவு என்று கூலி பேசி முடித்தபிறகுதான் அவள் கையில் ஸ்க்ரூடிரைவரையே எடுத்தாள். அந்தக் குடும்பத்தில் கணக்குத் தெரிந்த ஒரே ஆள்.

தகடு கழன்றதும் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. கூரைக் காற்றுப்போக்கியின் ஓரத்திலும், மேல் விளிம்பில் இருக்கும் குட்டி விளக்குகளின் துளையிலும் புகுந்த தண்ணீர் புகுந்த இடத்திலேயே நிற்பதில்லை. சட்டத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கிக் கீழ்மூலையில் குடியேறிவிடும். மரச்சட்டம் இருக்கவேண்டிய இடத்தில் பழுப்புத் தூள் ஒரு கை அள்ளினால் வருகிறது. இத்தனை காலம் வண்டியைத் தாங்கி நிறுத்தியது மரமல்ல, அலுமினியமும் பழக்கமும்தான். விற்றவர் பொய் சொல்லவில்லை. மழை அறைக்குள் சொட்டவில்லை, மரியாதையாகச் சுவருக்குள் போய்விட்டது.

ஒரு மூலை என்று தொடங்கியது பின்சுவர் ஆனது. பின்சுவர் இரண்டு பக்கச் சுவரும் ஆனது. தெருவில் நாய் கூட்டிப்போகிற பக்கத்து வீட்டுக்காரர் முதலில் "வண்டி எப்படி வருகிறது?" என்று கேட்பார். பிறகு "வண்டி எங்கே?" என்று கேட்க ஆரம்பித்தார்.

இதில் ஒரு விதி உண்டு: மக்கிய பலகையானாலும் எறியக்கூடாது. புதுப் பலகையை அறுக்க அதுதான் அச்சு. அதனால் துணி துவைக்கும் அறை முழுக்கக் காகித நாடா ஒட்டிய துண்டுகள், 'இடது பக்கம், சன்னலுக்குக் கீழே' என்று எழுதி. ஒத்தாசைக்கு வந்த தாத்தா, முற்றம் குப்பையாகக் கிடக்கிறதே என்று பெருக்கி அள்ளி, இடப்பக்கத்து வளைவுச் சட்டத்தைப் போட்டுக் குளிர் காய்ந்துவிட்டார். சரி, வலப்பக்கத்தை வைத்து அச்செடுத்துத் திருப்பிப் போட்டால் போயிற்று என்றார் அப்பா. பழைய வண்டிகளில் இடமும் வலமும் ஒன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை அன்றோடு போயிற்று.

பஞ்சுக்குள் எலிக்கூடு இல்லாத பழைய டிரெய்லர் அபூர்வம். இங்கே மட்டும் வேடிக்கை கிடையாது. 1993-இல் அரிசோனா, நியூ மெக்சிகோ பக்கத்தில் சிலரைக் கொன்ற ஹான்டா வைரஸைப் பரப்புவது மான் எலி. அதன் எச்சத்தை உலர்ந்தபடியே பெருக்கக்கூடாது, வாக்குவம் கிளீனரும் கூடாது. கையுறை போட்டுக்கொண்டு, கிருமிநாசினியால் நன்றாக நனைத்து, ஊறவைத்துத் துடைத்தெடுக்கவேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அதுவரை வண்டியைத் தொடாத அம்மா முகமூடியோடு இறங்கிச் செய்து முடித்தார். அன்றிலிருந்து அது அப்பாவின் வண்டி இல்லை.

அதிகாரம் மாறியதும் சர்ச்சை தொடங்கியது. அசல் நிறமே வேண்டும் என்பது அப்பா கட்சி, வெள்ளையும் மஞ்சளும். இளஞ்சிவப்பு என்பது சின்ன மகள் கட்சி. வெளிப்பக்கத்தை அப்பாவுக்குக் கொடுத்து, திரைச்சீலையும் மெத்தையுறையும் மகளுக்கென்று பிரித்தார் அம்மா. உள்சுவரில் புது ப்ளைவுட் பழசின் பக்கத்தில் வெளிறி நின்றது. தேன் நிற ஷெல்லாக்கை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசினால் நிறம் சேர்ந்துகொள்ளும். வயரிங், பிரேக், கேஸ் குழாய் மூன்றையும் அதற்கென்று படித்தவரிடம் விட்டார்கள். அப்பா எடுத்த முடிவுகளிலேயே உருப்படியானது அது.

பிள்ளைகளுக்குப் பிடித்த நாள் ஒழுகல் சோதனை நாள்தான். ஊதும் மின்விசிறி ஒன்றைக் கூரைத் துளையில் பொருத்தி, மற்ற வழிகளை அடைத்து, உள்ளே காற்றை ஏற்றவேண்டும். வெளியே தகட்டு மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினால், ஓட்டை இருக்கிற இடத்தில் நுரை கொப்பளிக்கும். அப்பா மாதக்கணக்கில் பிசின் நாடா வைத்து அடைத்த சன்னல்களிலிருந்து குமிழிகள் கிளம்பின. சின்ன மகள் கைதட்டினாள். அப்பா கைதட்டவில்லை.

கடைசியில் எடைப் பாடம். வண்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் கொக்கியில் இறங்கவேண்டும். பின்னால் பாரம் கூடினால் நெடுஞ்சாலையில் வால் ஆடும். இதைப் புரியவைக்க, 1954-இல் வந்த 'தி லாங், லாங் டிரெய்லர்' படத்தை அப்பா குடும்பத்துக்குப் போட்டுக் காட்டினார். அதில் லூசில் பால், போகிற ஊரிலெல்லாம் பொறுக்கிய கற்களை வண்டிக்குள் ஒளித்துவைக்க, மலைச்சாலையில் கணவருக்கு உயிர் போய் உயிர் வரும். படத்திலிருந்து குடும்பம் கற்றுக்கொண்டது, எங்கெங்கே ஒளிக்கலாம் என்பதை. மறுநாள் படுக்கைக்கு அடியில் இருந்த வார்ப்பிரும்புச் சட்டிகளை அப்பா தாமதமாகத்தான் கண்டுபிடித்தார்.

இப்போது பழைய டிரெய்லர்க்காரர்கள் கூடும் முகாம்களுக்குப் போகிறார்கள். அங்கே ஒரு நாள் கதவைத் திறந்துவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் வண்டியைச் சுற்றிக் காட்டுவது வழக்கம். யாரோ ஓர் இளம் தகப்பன் சுவரைத் தடவிப் பார்த்து, மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று கேட்பார். அப்பா ஒரு தொகை சொல்வார். தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும் அம்மா, தலையை நிமிர்த்தாமலே, அதைவிடப் பெரிய ஒரு தொகை சொல்வார். இரண்டிலும் தன் ஸ்க்ரூக் கூலி சேரவில்லை என்பாள் மூத்த மகள்.