மைனஸ் கணக்கு

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளைக் கெடுக்க வேண்டுமா? அதை எழுதியவனுக்குப் புதிதாக ஒரு மொழி பிடித்துப்போனால் போதும். எனக்குப் பிடித்தது ஹாஸ்கெல். 1990-ல் முதல் வரையறை வெளிவந்த ஃபங்ஷனல் மொழி. பேராசிரியர்கள் கூடிப் பேசி உருவாக்கியது. பேராசிரியர்களோடு நின்றிருந்தால் விருத்தாசலம் தப்பித்திருக்கும்.

இங்கே செராமிக் தொழிற்பேட்டையில் கொலு பொம்மை செய்யும் ஒரு கம்பெனிக்கு விஷுவல் பேசிக் 6-ல் நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். பில், சரக்கிருப்பு, சூளைக் கணக்கு, கூலி எல்லாம் அதில்தான். உள்ளே திறந்து பார்த்தால் வாந்தி வரும். டெம்ப்2 என்று ஒரு மாறி, அதன் தம்பி டெம்ப்3, எதற்கென்று எனக்கே மறந்துபோன இஃப் வரிகள். மைக்ரோசாஃப்ட் 2008-லேயே அந்த மொழிக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. ஆனால் அதில் எழுதியவை மட்டும் விண்டோஸ் மாற மாற ஓடிக்கொண்டே இருக்கின்றன. எனக்கு அது அவமானமாக இருந்தது. முதலாளிக்கு ஒன்றும் இல்லை. அவருக்கு பில் வந்தால் சரி.

வெறி ஏற்றியது ஃபேஸ்புக். அங்கே ஸ்பாமை வடிகட்டும் சிக்மா என்ற அமைப்பு, அவர்களே உருவாக்கிய எஃப்எக்ஸ்எல் என்ற மொழியில் ஓடியது. அதை எடுத்துவிட்டு ஹாஸ்கெல்லை வைத்தார்கள். இரண்டு வருட வேலை. 2015-ல் நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் கோரிக்கைகளை அது தாங்கியது. பெங்களூரு ஆட்டோக்காரர்களின் நம்ம யாத்ரி செயலிக்கும் பின்தளம் ஹாஸ்கெல்தான். அவர்களால் முடியும்போது என்னால் முடியாதா என்று கேட்டுக்கொண்டேன். ஃபேஸ்புக்கில் அந்த வேலையில் இருந்தவர் சைமன் மார்லோ, ஹாஸ்கெல்லின் கம்பைலரையே எழுதியவர்களில் ஒருவர் என்பதை வசதியாக மறந்துவிட்டேன். எங்கள் கம்பெனியில் நவராத்திரி நெருக்கடியிலும் ஒரு பில் போட்டு, வைக்கோல் சுற்றி, பெட்டி கட்டுவதற்குள் டீ ஆறிவிடும் என்பதையும்தான்.

முதலாளிக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமே. “களிக்குழம்பை அச்சுல ஊத்துற வரைக்கும்தான் மாத்த முடியும், சூளையில வெந்துட்டா மாறாதுல்ல? இந்த மொழியில ஒரு மதிப்பும் அப்படித்தாங்க. ஒரு தடவை வச்சா வச்சதுதான்” என்றேன். அவர் பொம்மைக்கு மூக்குத்தி எழுதிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தபடியே, “மாறாது தம்பி, உடையும்” என்றார். அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம்.

ஃபங்ஷனல்காரர்களிடம் ஒரு வேதவாக்கு உண்டு: தப்பான நிலை என்பதை நிரலில் எழுதவே முடியாதபடி டைப்புகளை அமைக்க வேண்டும். பக்தியோடு செய்தேன். சரக்கிருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகவே போகாது. தசாவதார செட் என்றால் பத்து பொம்மை, ஒன்பது என்று ஒரு செட் உலகத்திலேயே கிடையாது. கம்பைலர் ஒரு பிழையும் சொல்லாமல் ஏற்றுக்கொண்ட ராத்திரி, எனக்கு நானே ஹோட்டலில் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

புரட்டாசியில் போன் வந்தது. கணக்கு பார்க்கிற அக்கா.

“தம்பி, சரக்கு இன்னும் சூளையில கெடக்கு. பார்ட்டி வண்டியோட வந்து நிக்கிறாரு. பில்லு போட்டா செவப்பா ஏதோ வருது.”

“இருப்பே இல்லையே அக்கா, எப்படி பில் போடுவீங்க?”

“எப்பவும் போடறதுதானே? மைனஸ்ல நிக்கும், சூளை தெறந்தா சரியாப் பூடும்.”

அர்த்தமில்லாத மாறி என்று நான் தூக்கி எறிந்த டெம்ப்3 அதுதான். சீசனில் சூளை திறக்கும் முன்பே பில் போட்டுவிடுவார்கள். அந்த மைனஸைத் தாங்கிக்கொண்டிருந்தது டெம்ப்3. வராகம் மட்டும் உடைந்தால் மீதி ஒன்பதையும் விலை குறைத்து விற்பார்கள். அதைச் சமாளித்தது டெம்ப்2. என் பத்துப் பொம்மைச் சட்டத்தால், ஒரு பொம்மை உடைந்ததும் மீதி ஒன்பதும் கணக்கில் இல்லாமலே போயின. அக்கா கோடு போட்ட நோட்டு வாங்கி, கையால் எழுத ஆரம்பித்தார்.

இதோடு மாதக் கடைசிக் கூட்டலும் சேர்ந்துகொண்டது. ஹாஸ்கெல் எதையும் கேட்டால்தான் கணக்கிடும். அதுவரை கூட்ட வேண்டியதையெல்லாம் மெமரியில் அடுக்கிக்கொண்டே போகும். ஃபோல்ட்எல் என்ற ஃபங்ஷனின் பெயருக்குப் பின்னால் ஒரு ஒற்றைக் குறி போட்டால் அவ்வப்போதே கூட்டிவிடும். நான் போடவில்லை. அந்தக் கம்ப்யூட்டரின் ரேம் நிரம்பி மவுஸ்கூட நகராமல் நின்றது. கரண்ட் கம்மி என்று சொல்லிச் சமாளித்தேன்.

பெரிய ஆட்களும் இப்படித் திருப்பி எழுதுவதில் விழுந்திருக்கிறார்கள் என்று தேடி ஆறுதல் பட்டுக்கொண்டேன். நெட்ஸ்கேப் தன் பிரவுசரைத் தூக்கிப் போட்டுப் புதிதாக எழுதப் போய், ஐந்தாம் பதிப்பே வராமல் 2000 நவம்பரில்தான் ஆறாவதை வெளியிட்டது. அதற்குள் மைக்ரோசாஃப்ட் சந்தையைப் பிடித்திருந்தது. எனக்கு அந்த பயம் இல்லை. எனக்குப் போட்டி அக்காவின் நோட்டு. அதுவே ஜெயித்தது.

மொழியின் மேல் குற்றமில்லை. மைனஸ் இருப்புக்கும் ‘சூளையில் உள்ளது’ என்று ஒரு டைப் அழகாகவே எழுதலாம். எழுதுவதற்கு முன் அக்காவிடம் அரைமணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் அந்த நேரத்தில் மோனாட் என்றால் என்ன என்று படித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மறுபடியும் பில் போடுவது பழைய விஷுவல் பேசிக் நிரல்தான், டெம்ப்2, டெம்ப்3 சகிதம். ஹாஸ்கெல்லில் மிஞ்சியது சூளைவாரியாக உடைசல் கணக்குக் காட்டும் ஒரே ஒரு ரிப்போர்ட். அதில் இதுவரை ஒரு தப்பும் வந்ததில்லை. முதலாளி அதைத் திறந்து பார்ப்பதும் இல்லை.