ஒரு டம்ளர் சீனியின் போக்குவரத்து: உப்பூர் அடுப்படிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

டிரோப்ரியாண்ட் தீவுகளில் சிப்பி ஆரங்கள் வலமாகவும் வெண்சங்கு வளைகள் இடமாகவும் தீவுக்குத் தீவு கைமாறிச் சுற்றுவதைப் பற்றி மானிடவியல் அறிஞர் மாலினோவ்ஸ்கி 1922இல் தடித்த நூல் ஒன்று எழுதினார். அத்தனை தூரம் கப்பலேறிப் போனவர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்பூரில் இறங்கியிருக்கலாம். அப்போது அந்தச் சாலையே இல்லை என்பது அவர் தரப்பு நியாயம். இறங்கியிருந்தால், வடக்கு வீட்டிலிருந்து தெற்கு வீட்டுக்கு ஒரு டம்ளர் சீனி போவதையும் தெற்கிலிருந்து வடக்குக்கு ஒரு கிண்ணம் மீன்குழம்பு வருவதையும் பார்த்துவிட்டு, இரண்டாம் பாகமும் எழுதியிருப்பார்.

இந்தப் போக்குவரத்தை எது நடத்துகிறது? பாசம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள் சிலர். அவர்கள் நாள்காட்டியைப் பார்க்கவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கரையில் கிடக்க வேண்டும். அரசு தரும் நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய், முன்பு 5,000. கடல்காரர் வீட்டு அடுப்பு சுணங்கும் அதே அக்கினி வெயிலில்தான் உப்பளத்தில் வேலை உச்சத்தில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பாத்திகள் மழைநீரில் மூழ்கி உப்பளக்காரர் கைகட்டி உட்காரும்போது, மானாவாரி வயலில் களையெடுப்பு நடக்கும். தை, மாசியில் நெல் அறுப்பு. பின்னாலேயே 2023இல் புவிசார் குறியீடு பெற்ற குண்டு மிளகாய். ஆக, கஷ்டம் எல்லா வீட்டுக்கும் வருகிறது, ஆனால் முறைவைத்து வருகிறது. டம்ளரும் அதே முறையில் நடக்கிறது.

மழை பொய்த்தால் இந்தக் கோட்பாடு ஆட்டம் காணும். நாற்பத்தெட்டு மடை கொண்ட ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயே வெடித்துக் கிடக்கும் வருஷத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் முறை வந்துவிடுகிறது. அப்போது சீனி கருப்பட்டியாகும், டம்ளர் அரை டம்ளராகும். போக்குவரத்து மட்டும் நிற்பதில்லை.

அடுத்து அளவையியல். வாங்கும்போது டம்ளர் தலைதட்டி வரும். திருப்பும்போது குமித்துப் போக வேண்டும். "என்ன மயினி, சீனிக்கு வட்டியா?" என்று கேட்டுக்கொண்டே அந்தக் குமிப்பை வாங்கிக்கொள்வதுதான் மரபு. 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இந்தக் குமிப்பைப் பற்றி மௌனம் சாதிக்கிறது. ஒருமுறை கொடுத்ததைச் சரியாகத் தலைதட்டியே திருப்பிக் கொடுத்த வீட்டோடு பல நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதாக ஒரு வாய்மொழிச் சான்று உண்டு. கணக்கு நேராகிவிட்டால் அப்புறம் எதைச் சாக்கிட்டு அந்த வாசலில் போய் நிற்பது? உறவே அறுந்தது போலத்தானே. பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்ற விதியும் இதன் உட்பிரிவுதான்: உள்ளே நாலு முருங்கைக்காயாவது கிடக்க வேண்டும்.

தொல்லியல் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. கல்யாணங்களில் வைத்த எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருப்பார்கள். ஓர் அலமாரியை ஆய்வுக்கு உட்படுத்தியதில், அந்த வீட்டுக்குச் சம்பந்தமே இல்லாத நாலைந்து குடும்பங்களின் பெயர்கள் கிடைத்தன. மோர்ப்பண்ணை ஊர்க்காரர் ஒருவர் யாருக்கோ அன்பளித்த டம்ளர் எப்படி இங்கே வந்தது என்று கேட்டதற்கு, வீட்டு ஆச்சி நிதானமாகச் சொன்னார்: "அது எங்க வீட்டுது இல்லப்பா. எங்க வீட்டுது அவுக வீட்ல இருக்கு." சோழர் செப்பேடுகளில்கூட உடைமை இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்டிருக்குமா என்பது சந்தேகமே.

இத்துறை முன்னோடிகளில் பிரெடரிக் நிக்கல்சனைக் குறிப்பிடாமல் போனால் பாவம். கூட்டுறவுக் கடன் பற்றி 1895இல் சென்னை அரசுக்கு அவர் தந்த அறிக்கை, ஜெர்மனியின் கூட்டுறவு முன்னோடி ரைஃபைசனைப் போல ஒரு மனிதரைக் கண்டுபிடியுங்கள் என்ற தொனியில் முடிந்தது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமும் வந்தது. அதே நிக்கல்சன்தான் பிற்பாடு சென்னை மாகாண மீன்வளத்துறைக்கும் அடிபோட்டார். கடனும் தெரிந்தவர், மீனும் தெரிந்தவர். சீனிக்கடனை மீன்குழம்பால் அடைக்கலாம் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்.

எஞ்சியிருப்பது ஒரே புதிர். வெள்ளை மலைபோல் உப்புக் குவிந்து கிடக்கும் இந்தக் கரையில், மேற்கூரையே இல்லாமல் வெயிலை நேரே வாங்கிக்கொள்ளும் வெயிலுகந்த விநாயகரின் ஊரில், சீனி தருவார்கள், புளி தருவார்கள், மிளகாய்த்தூளும் தருவார்கள். பொழுதடைந்த பின் ஒரு சிட்டிகை உப்பு மட்டும் பெயராது. காரணம் அறிய ஆய்வாளர் ஒரு மாலை மேற்படி ஆச்சி வீட்டுத் திண்ணைக்கே போனார். "விளக்கு வச்ச பெறகு அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. காலையில வாப்பா" என்றார் ஆச்சி. "வரும்போது அந்த டம்ளர எடுத்துட்டு வந்துரு."