நடுவீதிச் சிங்கம்: வேதாகமச் சோம்பல் குறித்து உட்கார்ந்த இடத்திலிருந்து ஓர் ஆய்வு

இவ்வாய்வுக்கு வித்திட்டது அரை லிட்டர் தயிர். ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பெரியம்மா அதை வாங்கிவரச் சொன்னார். "முக்குல நாய் கிடக்கு பெரியம்மா" என்றேன். அது ஒரு தரவு. தரவைத் தரவாக எடுத்துக்கொள்வதே அறிவுலக மரபு. அவரோ, "நடுத்தெருவுல சிங்கம் நிக்குன்னு ஒருத்தன் சொன்னானாம். அவனுக்குத் தம்பிலே நீ" என்றார் (பெரியம்மா, வாய்மொழி உரை, அடுப்படிப் பதிப்பு). நீதிமொழிகள் 26ஆம் அதிகாரத்தின் 13ஆம் வசனம் என்மேல் பிரயோகிக்கப்பட்டது அதுவே முதல் முறை அன்று. ஆனால் அந்தச் சிங்கம் உண்மையிலேயே அங்கே நின்றதா இல்லையா என்று எவரேனும் சோதித்ததுண்டா என்ற வினா அன்றுதான் எனக்குள் எழுந்தது. நான் எழவில்லை, வினா எழுந்தது.

ஆய்வுலகில் நிலவும் பெரும் இடைவெளியை நிரப்புவதே தன் நோக்கம் என்று முதல் பக்கத்தில் எழுதுவது நம் மரபு. இடைவெளி இருக்கிறதா என்று முதலில் போய்ப் பார்ப்பது மரபில் இல்லை. ஆகவே நேரே எறும்புக்குப் போவோம்.

எறும்பு. நீதிமொழிகள் 6ஆம் அதிகாரத்தில் ஞானி சோம்பேறியை எறும்பிடம் பாடம் கேட்க அனுப்புகிறார். தலைவனோ மேற்பார்வையாளனோ இல்லாமலே அது அறுப்புக் காலத்தில் தானியம் சேர்த்துவைக்கிறது என்பது பாடம். இதைப் பழைய கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்களுக்கு ஓர் எறும்பு போதவில்லை. அதற்கும் சரிப்படாவிட்டால் தேனீயிடம் போ என்று சொந்தச் செலவில் சில வரிகள் சேர்த்தார்கள். பிற்காலத்து ஐரோப்பிய அறிஞர்களுக்கோ எறும்பே பிரச்சினையாயிற்று. அவர்கள் ஊர் எறும்பு குளிர்காலத்தில் ஒடுங்கிக் கிடக்கும், தானியம் சேர்க்காது. எனவே சாலொமோன் கூட்டுப்புழுவைப் பார்த்துத் தானியம் என்று ஏமாந்துவிட்டார் எனத் தீர்ப்பெழுதினார்கள். 1873இல் மாக்ரிட்ஜ் என்ற ஆங்கிலேயர் பிரான்சின் தென்கரையில் எறும்புப் புற்றுகளைத் தோண்டி, உள்ளே விதைக் களஞ்சியங்கள் இருப்பதைக் காட்டிய பிறகே சாலொமோனுக்குப் பட்டம் திருப்பி வழங்கப்பட்டது. இத்தனைக்கும் அதற்கு முன்பே புனேயில் சைக்ஸும், தென்னிந்திய எறும்புகளுக்குப் பட்டியல் போட்டு 1851இல் சென்னை இதழொன்றில் வெளியிட்ட ஜெர்டனும் இதைப் பார்த்து எழுதியிருந்தார்கள். வாசலில் பச்சரிசிமாக் கோலம் போடும் எந்த ஆச்சியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். ஆச்சியை அடிக்குறிப்பில் போட முடியாது என்பதுதான் சிக்கல்.

கதை அதோடு முடியவில்லை. அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் எறும்புகளின் முதுகில் வண்ணப்புள்ளி வைத்து, கேமராவை மேலே மாட்டி, யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். வேலைக்கார எறும்புகளில் பத்துக்கு ஏறத்தாழ நான்கு பெரும்பாலான நேரம் ஒன்றுமே செய்யவில்லை. ஆக, ஞானியின் சொல்லைத் தட்டாமல் சோம்பேறி எறும்பிடம் போனால் அங்கே அவனை வரவேற்க ஒரு சங்கமே கூடியிருக்கும் என்பது பெறப்படும். ஒன்றும் செய்யாத எறும்பை மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்ப்பதற்குப் பெயர் உழைப்பு என்பதும் ஈண்டு ஒப்புநோக்கற்பாலது.

தூக்கம். துரோவாவில் பவுல் நடுராத்திரிவரை பிரசங்கித்தபோது ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். உயிர்ப்பித்துவிட்டு, பொழுது விடியும்வரை பவுல் மீண்டும் பேசினார். மேல்விளக்கம் தேவையில்லை.

கிரேத்தர். தீத்துவுக்கு எழுதிய நிருபப்படி, கிரேத்தா தீவார் பொய்யர், சோம்பேறிகள், பெருந்தீனிக்காரர் என்று சொன்னவர் கிரேத்தா தீவுக்காரரே. அவர் சொன்னது மெய்யானால் அவர் பொய்யர். அவர் பொய்யரானால் தீவார் சுறுசுறுப்பானவர்கள். இதற்கு மேல் யோசிக்கத் தலை வலித்ததால் இவ்வியல் முற்றிற்று.

உழைக்காதவன் உண்ணலாகாது என்ற விதி. இது தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய இரண்டாம் நிருபத்தில் உள்ளது. பவுல் இதைச் சொல்லத் தகுதியுள்ளவர். கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியோடு தங்கிக் கூடாரம் பண்ணிப் பிழைத்தவர். ஆனால் அந்த நிருபத்தில் அவர் திட்டும் ஆட்களைக் குறிக்கும் கிரேக்கச் சொல் சோம்பேறி என்பதல்ல, அணிவகுப்பில் வரிசை கலைந்தவன் என்ற பொருளில் வருவது என்று ஒரு சாரார் நூற்றாண்டுகளாக வாதாடுகிறார்கள். இந்த வாதத்தால் மட்டுமே மூன்று வேளையும் உண்டவர்கள் உண்டு. இதே விதியை 1936ஆம் ஆண்டுச் சோவியத் அரசியல் சட்டம் 12ஆம் பிரிவில் எழுதிவைத்தது. பவுலையும் ஸ்டாலினையும் ஒரே வாக்கியத்தில் உடன்பட வைத்த பொருள் சோறு ஒன்றே. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து அசனப் பண்டிகையில் மட்டும் இவ்விதி செல்லாது. பந்தியில் உட்கார்ந்துவிட்டால் எவரிடமும் உழைப்புச் சான்றிதழ் கேட்பதில்லை.

பார்வோன். வேதத்தில் வேலையாட்களைச் சோம்பேறிகள் என்று முதன்முதலில் திட்டும் முதலாளி இவர்தான். செங்கலுக்கு வைக்கோல் கொடுப்பதை நிறுத்திவிட்டு, எண்ணிக்கை குறையக்கூடாது என்கிறார். ஆட்கள் முறையிட்டால், வேலை இல்லாததால்தான் ஆராதனைக்குப் போக நேரம் கேட்கிறீர்கள் என்கிறார். ஆண்டிறுதி மதிப்பீட்டுக் கூட்டம் ஒன்றில் உட்கார்ந்தவர் எவருக்கும் இந்தக் குரல் புதிதல்ல. இதற்கு நேரெதிர்க் கரையில் மத்தேயு 20இல் திராட்சத்தோட்டக்காரர் நிற்கிறார். பொழுது சாயும் நேரத்தில் சந்தைவெளிக்கு வந்து, ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். எவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்று பதில் வருகிறது. அவர் அதை நம்பிவிடுகிறார்! ஒரு மணி நேர வேலைக்கு முழுநாள் கூலியும் தருகிறார். சும்மா இருப்பதைத் தவமாகவே வளர்த்துவைத்திருக்கும் மொழியில் அந்தச் 'சும்மா'வைப் படிக்கிற நமக்கு, அங்கே நின்றவர்கள் சோம்பேறிகள் அல்லர், வேலை கிடைக்காதவர்கள் என்பது உறைக்கச் சற்று நேரமாகும்.

குணசாலியான மனைவி. நீதிமொழிகள் 31இல் அவள் இருட்டோடு எழுகிறாள், நூல் நூற்கிறாள், நிலம் வாங்குகிறாள், தோட்டம் போடுகிறாள், துணி விற்கிறாள். கணவன்? ஊர் வாசலில் மூப்பர்களோடு உட்கார்ந்திருக்கிறான். இது குறித்துப் பெரியம்மா நிகழ்த்திய உரை தனி நூலாக வரத்தக்கது (வாய்மொழி உரை, இரண்டாம் தொகுதி, கரண்டி உயர்த்தித் திருத்திய பதிப்பு, பின்னிணைப்பு: "உங்க பெரியப்பாவும் இப்படித்தான்").

இனிச் சிங்கம்.

மூலத்தில் 'ஆத்ஸேல்' என்று ஒரு சொல். சோம்பேறி என்று பொருள். எபிரேய வேதத்தில் பதினான்கு இடங்களில் வருகிறது; பதினான்கும் நீதிமொழிகளுக்குள்ளேயே. அதாவது இவன் அந்த நூலைவிட்டு வெளியே போனதே இல்லை. பாத்திரப் படைப்பில் இத்தகைய நம்பகத்தன்மை அரிது. இவன் இரண்டு முறை வாய் திறந்து சிங்கத்தைப் பற்றிச் சொல்கிறான். 22:13இல் வெளியே சிங்கம், வீதியில் செத்துப்போவேன் என்ற அளவில் நிற்கிறான். 26:13க்கு வரும்போது வழியில் ஒன்று, நடுவீதியில் ஒன்று. மூலத்தில் இவ்விரண்டுக்கும் வேறு வேறு சொற்கள்: முதலது 'ஷகல்', அடுத்தது 'அரி'. நான்கு அதிகாரத்தில் சிங்கம் இனப்பெருக்கம் செய்துள்ளதா, அல்லது ஒரே சிங்கம் வழியிலிருந்து நடுவீதிக்கு முன்னேறியுள்ளதா என்பது இன்னும் தீர்க்கப்படாத சிக்கல். சிங்கத்துக்கு எபிரேயத்தில் 'அரி'; நம் நிகண்டுகளிலும் 'அரி'. இதைக் கண்டதும் எபிரேயம் தமிழின் கொள்ளுப்பேத்தி என்று நிறுவ நாற்காலியை முன்னே இழுக்கும் பேரறிஞர்களை இரு கை கூப்பி வேண்டுகிறேன்: மயில் தோகையை வைத்துக் கால்டுவெல் ஏற்கெனவே ஒரு சுற்று ஓடியிருக்கிறார். சிங்கத்தையாவது எனக்கு விடுங்கள்.

சிங்கம் பொய் என்பது உரையாசிரியர்களின் ஏகோபித்த முடிவு. சாட்சியங்களைப் பார்ப்போம். திம்னாவின் திராட்சத்தோட்டங்களருகே சிம்சோன் எதிரே சிங்கம் வந்தது. தாவீது ஆட்டைக் காக்கச் சிங்கத்தோடு மல்லுக்கட்டினான். பெனாயா பனி பெய்த நாளில் குழிக்குள் இறங்கிச் சிங்கத்தைக் கொன்றான். சமாரியாவில் குடியேறியவர்களில் சிலரைச் சிங்கங்கள் கொன்றதாக 2 இராஜாக்கள் 17 பதிவுசெய்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக 1 இராஜாக்கள் 13: பெத்தேலுக்குப் போன தேவமனிதன் ஒருவன் கழுதை ஏறித் திரும்பும் வழியில் சிங்கம் அவனைக் கொன்றது. கொன்றுவிட்டு உடலைத் தின்னவில்லை, கழுதையையும் தொடவில்லை, இரண்டும் பிணத்தருகே நின்றுகொண்டிருந்தன. கவனிக்க: வழியில். அந்த மனிதன் வீட்டிலேயே கிடந்திருந்தால் இன்னும் நெடுநாள் இருந்திருப்பான். புதிய ஏற்பாட்டிலோ பேதுரு, பிசாசே கர்ஜிக்கிற சிங்கம்போல் சுற்றித் திரிகிறான், விழித்திருங்கள் என்று எச்சரிக்கிறார். அப்போஸ்தலர் சொன்னால் எச்சரிக்கை, சோம்பேறி சொன்னால் சாக்கு. இதென்ன நியாயம்?

புற ஆதாரமும் உண்டு. ஆசியச் சிங்கத்துக்குக் காடு இன்று குஜராத்தில் மட்டுமே. 2020 கணக்கில் 674. ஜூனாகத் நகரத் தெருவில் இரவில் சிங்கம் சாவகாசமாக நடந்துபோன காட்சிகள் கேமராவில் பதிவாகியிருக்கின்றன. அவ்வூரில் ஒருவன் பெரியம்மாவிடம் "நடுத்தெருவில் சிங்கம்" என்றால் அதற்குப் பெயர் சோம்பல் இல்லை, செய்தி வாசிப்பு. பெரியம்மா இதை ஏற்கவில்லை (வாய்மொழி உரை, மூன்றாம் தொகுதி, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும் சுருதியில் வெளியிடப்பட்ட மலிவுப் பதிப்பு, "சிங்கத்தப் பாத்தா போட்டோ எடுக்கப் போவியேலே, தயிருக்குத்தானே காலு வலிக்கி" எனத் தொடங்கும் நீண்ட இயல், கேட்டு எழுதியவர் எதிர்வீட்டு அத்தை, அவர் படியில் இரு இடங்களில் பாடபேதம் உண்டு, இரண்டும் அச்சேற்றத் தகாதவை).

இங்குதான் இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு. சிங்கம் இல்லை என்று எழுதிய உரைகளையெல்லாம் துருவினேன். எபிரேய வேர்ச்சொல் தருகிறார்கள், அரபு இணைச்சொல் தருகிறார்கள், ஒருவரை ஒருவர் மறுக்கிறார்கள். ஆனால் கதவைத் திறந்து தெருவை எட்டிப்பார்த்ததாக எந்த உரையாசிரியரும் எந்த அடிக்குறிப்பிலும் சொல்லவில்லை. சிங்கம் இருக்கிறது என்றவனும் வெளியே போகவில்லை, இல்லை என்றவர்களும் போகவில்லை. வேறுபாடு, இவர்களுக்கு அதற்குச் சம்பளம். சிங்கம் வரும் அதே 26ஆம் அதிகாரத்தின் 16ஆம் வசனத்தில், சோம்பேறி தன் பார்வைக்கு ஏழு அறிவாளிகளைவிட ஞானி என்று வருகிறது. வாய்மொழித் தேர்வுக் குழுவில் ஏழு பேர் உட்காரும் துறைகளில் இவ்வசனத்தை உரக்க வாசிப்பதில்லை என்று அறிகிறேன்.

இடையே இரண்டு வசனங்களைக் கடந்துவிட்டேன். கதவு கீலில் திரும்புவதுபோல அவன் படுக்கையில் புரள்கிறான். கையைக் கலத்தில் வைத்தவன் வாய்க்குக் கொண்டுபோக அலுத்துக்கொள்கிறான். 1611ஆம் ஆண்டு ஆங்கிலப் பெயர்ப்பில் கை கலத்தில் இல்லை, மார்புத்துணிக்குள் இருக்கிறது. பசியோடு எழுந்துபோன மொழிபெயர்ப்பாளர் எவரோ கலத்தைக் கையோடு எடுத்துப்போனார் என ஊகிக்கலாம். பிரசங்கி 4ஆம் அதிகாரத்தில் கைகட்டி உட்கார்ந்தவன் மூடன் என்ற வசனத்துக்கு அடுத்த வசனமே, பாடுபட்டு இரு கை நிறைப்பதைவிட அமைதியோடு ஒரு கைப்பிடி போதும் என்கிறது. காட்டுப் புஷ்பங்கள் நூற்பதில்லை. மரியாள் உட்கார்ந்திருந்தாள், மார்த்தாளுக்குத்தான் திட்டு. ஓய்வுநாளில் விறகு பொறுக்கியவனைக் கல்லெறிந்து கொன்றார்கள். இவற்றையெல்லாம் தொகுத்து ஒரு முடிவுக்கு வரலாம்தான். ஆனால் நான் பிடித்திருப்பது சிங்கம்.

கள ஆய்வு. மூன்று வாரம் கழித்து, மற்ற உரையாசிரியர்கள் செய்யாததைச் செய்வது என்று துணிந்து வாசற்கதவைத் திறந்தேன். முக்கில், நடுத்தெருவில், நாய் கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீலில் திரும்பும் கதவைப்போல இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் புரண்டது. கண் திறக்கவில்லை. அடுத்த கட்ட ஆய்வுக்குப் போதிய தரவு கிடைத்துவிட்டதால் உள்ளே வந்து குறிப்பெழுத உட்கார்ந்தேன்.

அதற்குள் பெரியம்மா தூக்குவாளியோடு போய்த் தயிர் வாங்கி வந்துவிட்டார். நாய் எழுந்து கடைவரை கூடவே நடந்து போயிற்றாம்.