ஊழிமறதி: ஒரு பூர்வாங்க ஆராய்ச்சி

உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதைகளில் எல்லாமே கிடைக்கும். உலகம் ஏன் அழிந்தது என்ற தகவல் மட்டும் கிடைக்காது. 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்' (2015) படத்தில், பெட்ரோலுக்காக ஆளை ஆள் வெட்டும் பாலைவனத்தில் வண்டிகள் கூட்டங்கூட்டமாக ஓடுகின்றன. ஸ்பீக்கர்களை அடுக்கிய லாரியின் முகப்பில் ஒருவர் தொங்கியபடி, நெருப்பைக் கக்கும் கிதார் வாசிக்கிறார். கிதாருக்குத் தந்தி எங்கே வாங்குகிறார் என்பதையாவது ஊகிக்கலாம். பழைய போர் எதற்காக மூண்டது என்று அவரைக் கேட்டுப் பயனில்லை. இந்நிலைக்கு 'ஊழிமறதி' எனப் பெயரிட்டு ஆராயப் புகுகிறோம்.

முதலில் சான்றுகள். 1979-இல் வந்த முதல் 'மேட் மேக்ஸ்' காரணத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. 1981-இல் வந்த இரண்டாவது படம், இரண்டு பெருங்கூட்டங்கள் மோதிக்கொண்டதை ஒப்புக்கொள்கிறது. எதற்கு என்பதுதான் எப்போதோ மறந்துபோயிற்றாம். இயக்குநர் ஜார்ஜ் மில்லர் மருத்துவர், அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவர். அங்கே முதலில் ரத்தத்தை நிறுத்துவார்கள்; யார் மேல் தப்பு என்பதைப் போலீஸ்காரர் பிறகு வந்து எழுதிக்கொள்வார். மில்லரின் படங்களில் அந்தப் போலீஸ்காரர் வரவேயில்லை.

கார்மக் மெக்கார்த்தியின் 'தி ரோட்' (2006) நாவல் இன்னும் கஞ்சம். கடிகாரங்கள் 1:17-க்கு நிற்கின்றன. நீண்டதொரு ஒளி, தொடர்ந்து சில அதிர்வுகள். நாயகன் ஒரு கேள்வியும் கேட்காமல் குளியல் தொட்டியில் தண்ணீர் பிடிக்கப் போய்விடுகிறான். மறு ஆண்டே புலிட்சர் பரிசு. நிமிடத்தைத் துல்லியமாகச் சொன்னால் காரணத்தை விட்டுவிடலாம் என்ற விதி இவ்வாறு அங்கீகாரம் பெற்றது.

இத்தகைய கதைகளில் உருத்திரிந்து திரியும் மியூட்டன்ட்டுகளின் பூர்வீகத்துக்கு வருவோம். இங்கே 'கதிரியக்கம்' என்று ஒரு சொல்லை உதிர்த்தால் கடமை முடிந்தது. 'பினீத் தி பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' (1970) படத்தில், நியூயார்க்கின் இடிபாடுகளுக்கு அடியில் வாழும் மியூட்டன்ட்டுகள் ஓர் அணுகுண்டை வைத்துக் கும்பிடுகிறார்கள். வழிபாட்டின் உச்சத்தில் தம் முகத்தையே உரித்தெடுத்து, நரம்போடிய உள்முகத்தைக் காட்டுகிறார்கள். சாமிக்கு முன்னால் ஒளிவுமறைவு கூடாது என்பது கருத்து. அவ்வளவு கச்சிதமான முகமூடிகளை அளவெடுத்துச் செய்து கொடுப்பவர் யார் என்பதைப் படம் சொல்லவில்லை.

ஆவணங்களில் கிடைக்கும் உண்மையான மூதாதை ஒரு பழ ஈ. 1927-இல் ஹெர்மன் முல்லர் பழ ஈக்கள் மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தி மரபணுத் திரிபுகளை உண்டாக்கிக் காட்டினார். 1946-இல் நோபல் பரிசு பெற்றார். கதைகளின் மியூட்டன்ட்டுகளைப் போல மனத்தோடு மனம் பேசிய ஈ ஒன்றுகூட அவருடைய குப்பிகளில் பதிவாகவில்லை. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் தப்பியவர்கள் பின்னர் பெற்ற பிள்ளைகளைப் பல பத்தாண்டுகளாகக் கவனித்து வரும் ஆய்வாளர்களும், பரம்பரைக் கோளாறு கூடியதற்குத் தெளிவான சான்று காணவில்லை. உயிர் தப்பியவர்களுக்குப் புற்றுநோய் கூடியது. அதற்கு யாரும் டிக்கெட் வாங்க மாட்டார்கள்.

ஈயின் அளவுக்கு அடங்கி எழுதியவர் ஜான் விண்டம். 'தி கிரிசலிட்ஸ்' (1955) நாவலில் சிறுமி சோஃபிக்குக் காலில் ஆறு விரல். பாறையில் பதிந்த ஈரத்தடம் அவளைக் காட்டிக்கொடுக்கிறது. அவ்வளவே. (அதே நாவலில் மனத்தால் பேசும் பிள்ளைகளும் வருகிறார்கள். கருதுகோளுக்கு இடைஞ்சல் என்பதால் அவர்களைக் கண்டுகொள்ளாமல் விடுகிறோம்.) முன்பு நடந்தது என்ன என்றால், ஊரார் 'உபத்திரவம்' என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விடுவார்கள்.

அற்றன்று, ஜப்பானின் 'காட்ஸில்லா'வுக்குக் காரணம் தெளிவாக உண்டே எனின், உண்டு. 1954 மார்ச்சில் பசிபிக் கடலின் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், 23 பேர் இருந்த 'லக்கி டிராகன்' என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகில் விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் படம் வெளியானது. சாம்பல் தலையில் விழுந்தவர்களுக்குத் தேதி முதற்கொண்டு நினைவிருக்கிறது. ஊழிமறதி, குண்டு வைத்திருந்தவர்களின் பக்கத்திலேயே மிகுதி என்க.

இனி எமது கருதுகோள். காரணத்தை ஆசிரியர்கள் மறக்கவில்லை, சொல்ல வெட்கப்படுகிறார்கள். 1979 நவம்பரில் அமெரிக்க வான் பாதுகாப்புக் கணினிகளில் ஒரு பயிற்சிப் பதிவு நிஜத் தாக்குதலாக ஓடியது. 1980 ஜூனில் 46 சென்ட் விலையுள்ள ஒரு சிப் பழுதாகி, சோவியத் ஏவுகணைகள் வருவதாகக் காட்டியது. 1983 செப்டம்பரில் மேகத்தில் பட்ட வெயிலைச் சோவியத் செயற்கைக்கோள் ஏவுகணை என்றது. ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் என்ற அதிகாரி நம்ப மறுத்ததால் நாம் இதைப் படித்துக்கொண்டிருக்கிறோம். எந்த நாவலாசிரியராவது 46 சென்ட் சிப்பால் உலகம் அழிந்ததாக எழுதிக் கொடுத்தால், நம்பும்படியாக இல்லை என்று பதிப்பாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

இத்தகைய அற்பப் பொருளின் மகிமையை நன்கு உணர்ந்தவர் இன்னொரு மில்லர். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் மான்டே கசினோ மடத்தின் மேல் குண்டு போட்ட விமானப் படையினரில் ஒருவரான வால்டர் எம். மில்லர், 'எ கேன்டிகிள் ஃபார் லீபோவிட்ஸ்' (1959) நாவலில் அக்கினிப் பிரளயத்துக்குப் பிறகு துறவிகள் பழைய தாள்களைக் காப்பதைச் சொன்னார். அவர்கள் கண்டெடுக்கும் புனிதப் பொருள்களில் ஒன்று மளிகைச் சீட்டு: கொஞ்சம் இறைச்சி, ஒரு டப்பா ஊறிய முட்டைக்கோஸ், ஆறு ரொட்டி வளையங்கள். சிப் வாங்கிய ரசீதும் அதோடு அகப்பட்டிருந்தால் அதையும் பேழையில் வைத்திருப்பார்கள். 46 என்ற எண்ணின் உட்பொருளை ஆராயத் தனியாக ஒரு மடமே ஏற்பட்டிருக்கும்.