அரை மணி நேரத்துல மெட்ராசு

வாங்க மாப்ளே, இப்படித் திண்ணையில ஒக்காருங்க. மதுரையிலருந்து மெட்ராசு ஆகாச மார்க்கமா 420 கிலோமீட்டராம், ப்ளேனு மணிக்கு 800 கிலோமீட்டர் போகுமாம், ஆகக்கூடி அரை மணி நேரந்தானாம். செல்போனத் தட்டிப் பாத்துச் சொல்றீக. படிச்ச புள்ள கணக்கு, தப்பாவா இருக்கும்!

எனக்குத் தெரிஞ்சது நம்ம மேலூருதான். மெட்ராசு கெடக்குறது வடகெழக்க. ப்ளேன் நிக்கிறது மதுரைக்கும் தெக்க, பெருங்குடிப் பக்கம். அப்ப நீங்க மெட்ராசுக்குப் போக, மொதல்ல கன்னியாகுமரி தெசையில 40 கிலோமீட்டர் போவீக. அங்க ஏறித் திரும்ப இந்தப் பக்கமாவே பறந்து வருவீக. தலையச் சுத்தி மூக்கத் தொடுறதுக்கு டிக்கெட் வேற. வாரப்ப குனிஞ்சு பாருங்க, நம்ம தொழுவம் தெரிஞ்சாலும் தெரியும். மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சான்னு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க.

அந்த 420 நூல் புடிச்ச தூரம் மாப்ளே. ப்ளேனு நூல் புடிச்சா போகுது? எதிர்காத்துல மூஞ்சியக் குடுத்துத்தான் ஏறும், எறங்கும். மதுரை ஓடுபாதை கெழக்கு மேக்காக் கெடக்கு. ஆடிக் காத்துல திருமங்கலத்தப் பாத்துக் கெளம்பிட்டு, அப்பறந்தான் மெட்ராசு நெனப்பு வந்து திரும்பும்.

800 வேகமும் நெசந்தான், பொய்யின்னு சொல்லல. ஆனா அது மேல ஏறி நிமிந்த பெறகு. 30,000 அடியிலருந்து எறங்கவே 150 கிலோமீட்டருக்கு மேல வேணும்; ஏறுறதுக்கும் தூரம் வேணும். நடுவுல எங்கிட்டு ஓடும் 800ல? தண்ணி பாட்டில் மூடியத் தொறக்கங்குள்ள பெல்ட்டப் போடும்பாக. விசிறி வச்ச ஏடிஆர் ப்ளேனா வாச்சா 500தான் தேறும். அதான் டிக்கெட்ல ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம்னு போட்டுருக்கான். ஓடுபாதைக்கு ஊந்து போறதும், எறங்கி ஊந்து வந்து நிக்கிறதும் அதுல அடக்கம்.

அதுக்கு முந்தின கூத்த விட்டுட்டீகளே. கெளம்புறதுக்கு ஒரு மணி நேரம் முந்தியே கவுண்டரச் சாத்திருவாக. பெட்டியத் தொறப்பாக, இடுப்புப் பெல்ட்டக் கழட்டும்பாக. என்னைய மாதிரி வெள்ளி அரணாக்கொடி கட்டுன ஆளுன்னா மெசின் வேற கத்தும், பத்துப் பேரு திரும்பிப் பாப்பாக.

இப்ப ரயிலப் பாருங்க. 1977லருந்து ஓடுற வைகை எக்ஸ்பிரஸ், ஏழரை மணி நேரத்துல எழும்பூர்ல எறக்கி விடுது. தேஜஸ்னா ஆறரை. வந்தே பாரத் இன்னும் வெரசா.

இந்த வாசப்படியத் தாண்டி எழும்பூர்ல காலு வைக்கிற வரைக்கும் கூட்டுங்க. ப்ளேன்ல அஞ்சரை மணி நேரம், அதுவும் சொன்ன நேரத்துக்குக் கெளம்புனா. தேஜஸ், வந்தே பாரத் ரயில்ல, இங்கருந்து மதுரை சங்ஷன் போறதையும் சேத்து ஏழு, ஏழரை. ப்ளேன்ல போனா மிச்சம் ஒன்றரை, ரெண்டு மணி நேரந்தான்.

ஆஸ்பத்திரி அவசரம், கோர்ட்டு வாய்தான்னா பறந்தே போங்க, நான் குறுக்க படுக்கல. மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்குத்தானே போறீக? பேசாம ரயில்ல ஏறுங்க. டிக்கெட்ல மிஞ்சுற காசுக்கு எங்க அக்காவுக்கு ஒரு சீலை எடுத்துக் குடுங்க.