உப்புக்குக் கட்டுப்பாடு, விலைக்குச் சுதந்திரம்

மரக்காணம் உப்பளத்தில் வாரிக் குவித்த கல்லுப்பைப் பிரம்மதேசத்தில் சமையலுக்கென்று அப்படியே விற்றால் குற்றம். அயோடின் சேர்த்திருக்க வேண்டும். மத்திய அரசு 1998-ல் தடை போட்டது, 2000-ல் 'அவரவர் விருப்பம்' என்று எடுத்தது, 2006-ல் மறுபடியும் போட்டது. கழுத்துக் கழலையைத் தடுக்கும் நல்ல ஏற்பாடுதான். மேற்பார்வைக்கு உப்பு ஆணையரும் உண்டு. தலைமையகம் கடலே இல்லாத ஜெய்ப்பூரில்!

உப்பில் என்ன இருக்க வேண்டும் என்று இத்தனை அக்கறை காட்டும் அரசிடம் மூட்டை விலையைக் கேட்டால், "அதைச் சந்தை பார்த்துக்கொள்ளும்." மழையில் பாத்தி கரைந்து வேலை போனால் சந்தை சொல்கிறது: "அதை அரசு பார்த்துக்கொள்ளும்." மாநில அரசும் மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறது.

உப்புக்குக் கட்டுப்பாடு, வியாபாரிக்குச் சுதந்திரம், உப்பளத் தொழிலாளிக்கு ஓட்டு. இதுதான் நம் சமநிலை. ஓட்டுக் கேட்டு வருபவரிடம் முதலில் மூட்டை விலையைக் கேளுங்கள்.