செல்ஃப் எடுக்காத அம்பாசிடர்: செலவு செய்வோருக்கான கையேடு

காலையில் சாவியைத் திருப்புகிறீர்கள். பானட்டுக்குள் ‘டொக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. இந்தக் கையேடு அந்த ‘டொக்’கிலிருந்து ஆரம்பிக்கிறது. 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் டைனமோவும் வைத்த பழைய அம்பாசிடரை நினைத்து எழுதியது. பத்மினிக்காரர்களும் பின்பற்றலாம், செலவில் பெரிய வித்தியாசம் வராது.

கோளாறைக் கண்டுபிடிப்பது நம் நோக்கமல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்டுபிடித்துவிட்டால் வண்டி ஓடத் தொடங்கிவிடும். பெட்ரோல் விற்கிற விலையில் அதை எங்கே ஓட்டிக்கொண்டு போவது? வாசலில் நிறுத்தி வைத்து, நாலு பேரைக் கூட்டி, வாரம் ஒரு பாகம் மாற்றுவதில் இருக்கும் சுகம் ஓட்டுவதில் கிடையாது.

ஆகவே முதல் வேலை, காதைப் பொத்திக்கொள்வது. பழைய வண்டிக்குத் தன் நோயை வாய்விட்டுச் சொல்லும் கெட்ட பழக்கம் உண்டு. ‘டக்டக்டக்டக்’ என்று விடாமல் அடித்தால் சோலனாய்டு ஒட்டுவதும் விடுவதுமாகத் தவிக்கிறது: பேட்டரியில் சரக்கில்லை, அல்லது இருக்கும் சரக்கு வழியிலேயே தொலைகிறது. ஒரே ஒரு ‘டொக்’ என்றால் சோலனாய்டு தன் கடமையை முடித்துவிட்டது, மோட்டார்தான் திரும்பவில்லை. மோட்டார் மட்டும் ‘ங்ஙொய்ய்’ என்று வெறுமனே சுற்றி எஞ்சின் அசையாமல் இருந்தால், பெண்டிக்ஸ் பல்சக்கரம் அழுக்கில் ஒட்டிக்கொண்டு ஃப்ளைவீல் வரைக்கும் வரவில்லை. எஞ்சின் ஜோராகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் செல்ஃபைக் குறை சொல்லவே கூடாது. பாயிண்ட், கண்டென்சர், காயில் பக்கம் போக வேண்டும். ஒரு நிமிஷம் காது கொடுத்தால் இவ்வளவும் தெரிந்துபோகும். தெரிந்துபோனால் சுவாரசியம் போய்விடும் என்பதால், ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பவும்.

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ஃப் அடித்துப் பார்ப்பதும் கூடாது. சுவரில் விழும் வெளிச்சம் மங்கிச் சிவந்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது இறுகிப்போன மோட்டார் கரண்டை வாரி இழுக்கிறது. வெளிச்சம் துளியும் குறையாமல் நின்றால் செல்ஃபுக்குக் கரண்டே போகவில்லை. பட்டென்று அணைந்தே போனால் பேட்டரி டெர்மினலில் தொடுப்பு சரியில்லை. இந்தச் சோதனைக்குப் பைசா செலவில்லை. அதனால்தான் இதை யாரும் மதிப்பதில்லை.

இப்போது தெருவைக் கூப்பிடலாம். கூப்பிடக்கூட வேண்டாம், பானட்டைத் தூக்கி நிறுத்தினால் போதும். நடைப்பயிற்சிக்குக் கிளம்பிய எதிர்வீட்டு மாமா எட்டிப் பார்த்து, “கார்பரேட்டர்ல அடைப்பு தம்பி, நான் சொல்றேன் பாரு” என்பார். எஞ்சினே சுற்றவில்லையே மாமா, கார்பரேட்டர் பாவம் என்ன செய்யும் என்று கேட்கக் கூடாது. பெரியவர், தவிர, தள்ளும்போது அவர் தோள் வேண்டியிருக்கும். அடுத்த யோசனை நிச்சயம் தள்ளுவதுதான். ஒரு டன்னுக்கு மேல் எடை. பேட்டரியில் கொஞ்சம் உயிர் இருந்தால் மூன்றாவது கியரில் போட்டுத் தள்ளி, வேகம் வந்ததும் கிளட்சை விட்டால் பிடித்துக்கொள்ளும். அடியோடு செத்த பேட்டரி என்றால் காயிலுக்குக் கொடுக்கவே கரண்ட் கிடையாது. ஆள் தள்ளும் வேகத்தில் டைனமோவிடமிருந்தும் ஒன்றும் பெயராது. தெருமுனை வரை போய் நின்றுவிடும். நல்லதுதான், மெக்கானிக் கடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

மெக்கானிக் பானட்டுக்குள் பார்க்காமலே, “பேட்டரி போயிடுச்சு சார்” என்பார். இந்த வாக்கியத்தை மறுத்துப் பேசியவர்கள் எவரையும் நான் பார்த்ததில்லை. மறுக்க ஒரு மல்டிமீட்டர் வேண்டும், அதைத்தான் நாம் வாங்கப்போவதில்லையே. வாங்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். இரவெல்லாம் சும்மா இருந்த பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்தால் 12.6 வோல்ட் காட்டும். அது நிறைந்த பேட்டரி. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் போட வேண்டும், உடனே குப்பையில் போட வேண்டும் என்று அர்த்தமில்லை. யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு மீட்டரைப் பார்த்தால், நல்ல பேட்டரி 9.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்காது. ஹைட்ரோமீட்டரால் ஆறு அறையிலும் ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்து, ஐந்து ஒரு மாதிரியும் ஒன்று மட்டும் படுத்தும் கிடந்தால் அந்த அறை செத்துவிட்டது, அப்போதுதான் புதுசு. இப்படிச் சோதித்த பிறகு ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புதுப் பேட்டரி வாங்க மனசு வருமா? வராது. மீட்டர் குடும்பத்துக்கு ஆகாது.

புதுப் பேட்டரியும் ஒரு மாதத்தில் இறங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். காரணம் டைனமோ. ஆல்டர்னேட்டர் மாதிரி அது நிற்கும்போதெல்லாம் சம்பாதிக்காது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது டேஷ்போர்டில் சிவப்பு விளக்கை எரியவிட்டுவிட்டுச் சும்மா இருக்கும். நன்றாக ஓடினாலும் அதன் வருமானம் 20 ஆம்பியர் சொச்சம். மாலையில் ஹெட்லைட், வைப்பர், ஹாரன் எல்லாம் போட்டுக்கொண்டு அண்ணா சாலையில் ஊர்ந்தால் அத்தனை செலவும் பேட்டரியின் தலையில்தான். வெளியூர் ஓட்டத்தில் பழுதே வராத வண்டி, காய்கறி வாங்கப் போய்வந்தே பேட்டரியைக் கொல்லும். ஃபேன் பெல்ட் தொய்ந்திருந்தாலோ கட்டவுட்டில் பாயிண்ட் தீய்ந்திருந்தாலோ இன்னும் சீக்கிரம். இதையெல்லாம் பார்க்காமல் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் கடைக்காரர் பொங்கலுக்குக் காலண்டர் தருவார்.

புதுப் பேட்டரி போட்டும் ‘டொக்’ போகவில்லையா? செல்ஃப் மோட்டாரைக் கழற்றுங்கள். கழற்றும் முன், இக்னிஷனை அணைத்து, டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கக் கூடாது. ரிங் கியரில் சிக்கிய பல் அந்த ஆட்டத்திலேயே விடுபட்டுவிடும் அபாயம் உண்டு. மோட்டார் உடம்பில் ஸ்பேனரால் லேசாகத் தட்டவும் கூடாது. ஒட்டிக்கொண்ட கார்பன் இறங்கி மோட்டார் சுற்றினாலும் சுற்றிவிடும். ஆட்டோ எலக்ட்ரீஷியன் அதைப் பிரித்து, கார்பன், புஷ், முடிந்தால் ஆர்மேச்சர் என்று வரிசையாக எழுதித் தருவார். எழுதிய தாளை எடுத்துக்கொண்டு புதுப்பேட்டைக்கோ ஜி.பி. ரோட்டுக்கோ போய்வருவதில் ஒரு நாள் இனிதே கழியும். உத்தரபாராவில் அம்பாசிடர் உற்பத்தி நின்றது 2014-இல். உதிரிபாகம் தேடுகிற கூட்டத்துக்கு அது தெரிந்த மாதிரியே இல்லை.

இனி, எந்தக் காரணம் கொண்டும் நீங்கள் நெருங்கக் கூடாத இடத்தைச் சொல்கிறேன். பேட்டரி டெர்மினல், பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயர், எஞ்சினையும் சேஸிஸையும் இணைக்கும் பின்னல் பட்டை.

செல்ஃப் சுற்றும்போது 150 ஆம்பியர் வரை இழுக்கும். டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் உப்பு வெறும் 0.02 ஓம் தடை கொடுத்தால் போதும், அந்த இடத்திலேயே 3 வோல்ட் காணாமல் போகும். 12-இல் 3 போனால் செல்ஃபுக்கு ‘டொக்’ மட்டும்தான் மிச்சம். கணக்குப் போட்டால் அந்தச் சின்ன இடுக்கில் 450 வாட் சூடாகச் செலவாகிறது. இஸ்திரிப் பெட்டியில் பாதி. செல்ஃப் அடித்துவிட்டுக் கையை வைத்தால் சூடு தெரியும். ஆனால் டெஸ்ட் லேம்பை வைத்துப் பார்த்தால் பளபளவென்று எரியும், ஏனென்றால் அந்தச் சின்ன பல்புக்கு அரை ஆம்பியர்கூட வேண்டாம். உப்பு வழியாகவும் அது தாராளமாகக் கிடைக்கும். “கரண்ட் வருது சார், மோட்டார்தான் ஃபால்ட்” என்று எலக்ட்ரீஷியன் தம்பி சத்தியம் செய்வது இதை நம்பித்தான். பொய் சொல்லவில்லை, பாவம். கரண்ட் வரத்தான் செய்கிறது.

எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருப்பதால், பாடியோடு அதற்கு நல்ல மின்தொடர்பு அந்தப் பின்னல் பட்டை ஒன்றுதான். பட்டை அறுந்தாலோ போல்ட் துருப்பிடித்தாலோ கரண்ட் சும்மா இருக்காது, வேறு வழி தேடும். சோக் கேபிள் வழியாகவும் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகவும் ஊர்ந்து போகும். செல்ஃப் அடிக்கும்போது சோக் குமிழ் சுடுகிறது, கேபிளில் புகை வருகிறது என்றால் வண்டிக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று மந்திரிப்பவரை அழையுங்கள். பட்டையை மட்டும் பார்த்துவிடாதீர்கள்.

மீட்டர் வைத்திருக்கிற துரோகிகள் இதைக் கண்டுபிடிக்கும் விதம்: ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈய முனையிலேயே வைப்பார்கள், மேலே கவ்விய கிளாம்ப்பில் அல்ல. மறுமுனையைச் செல்ஃபின் போல்ட்டில் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்வார்கள். அரை வோல்ட்டுக்குள் காட்டினால் அந்த வழி சுத்தம். பிறகு நெகட்டிவ் ஈய முனைக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவே அதே சோதனை, அங்கே 0.2, 0.3-க்கு மேல் போகக் கூடாது. எங்கே அதிகம் காட்டுகிறதோ அங்கே ஒவ்வொரு இணைப்பாக நகர்ந்து பிடித்துவிடுவார்கள். பிடித்ததும் எர்த் ஒயரை முதலில் கழற்றி, வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து ஊற்றி, உப்புத்தாளால் ஈயம் பளபளக்கத் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுவார்கள். மொத்தச் செலவு ஒரு டீக் காசு. இப்படிப்பட்டவர்களோடு சகவாசம் வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கிண்டல் இல்லை. சில சோலனாய்டுகளில் ரப்பர் மூடிய பொத்தான் ஒன்று உண்டு. கையால் அமுக்கினால் சாவி இல்லாமலே செல்ஃப் சுற்றும். அமுக்கும் முன் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வண்டி உங்கள் மேல் ஏறும். பக்கத்து வண்டியிலிருந்து ஒயர் கொடுத்து ஸ்டார்ட் செய்யும்போது கடைசி இணைப்பை உங்கள் பேட்டரியில் கொடுக்காமல், தள்ளி எஞ்சின் இரும்பில் கொடுங்கள்; பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் ஒரு பொறிக்குக் காத்திருக்கும். பம்பர் துளை வழியாக ஹேண்டில் போடுவதானால், கட்டை விரலை மற்ற நான்கு விரல்களின் பக்கமே வைத்து, கீழிருந்து மேலே இழுங்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால் விரல் தப்பும்.

மழைக்காலச் சிறப்புக் கோளாறுகளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஈரம்; துணியால் துடைத்தால் சரியாகும். துடைக்காமல் இருட்டில் பானட்டைத் திறந்து செல்ஃப் அடித்தால் பழைய பிளக் ஒயர்களின் மேல் நீலப் பொறி ஓடுவதைப் பார்க்கலாம். குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

கடைசியில் ஒரு நாள் வண்டி ஸ்டார்ட் ஆகத்தான் செய்யும். பேட்டரி, செல்ஃப், சோலனாய்டு, சாவி சுவிட்ச், காயில் எல்லாம் மாற்றி முடித்த கட்டத்தில், மெக்கானிக் கடைப் பையன் ஏதோ ஒன்றைக் கழற்ற இடைஞ்சலாக இருந்த எர்த் போல்ட்டை அவிழ்த்து, திரும்ப வைத்து, கொஞ்சம் இறுக்கியிருப்பான். அவனுக்கே நினைவிருக்காது. பெருமை கடைசியாக வாங்கிய பாகத்துக்குத்தான் போக வேண்டும்; காயில்தான் காரணம் என்று எதிர்வீட்டு மாமாவிடமும் சொல்லிவிடுங்கள். காயிலின் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கு வாரண்டி ஆறு மாதம் இருக்கும். அந்த போல்ட் மறுபடி தளர ஏழு மாதமாவது ஆகும்.